தலைப்பைப் பிடித்துவிட்டு ஃபிரேமைக் கோட்டைவிடாதீர்கள்

சுற்றுலா விளம்பரத்தையும் அரசியல் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஃபிரேமிங் ஆய்வு (ஒரு விஷயத்தை எந்தக் கோணத்தில் காட்டுகிறார்கள் என்று பார்ப்பது) செய்ய வருபவர்கள் பெரும்பாலும் முதல் படியிலேயே சறுக்குவார்கள். செய்தி எதைப் பற்றியது என்று கண்டுபிடித்ததும் அதையே ஃபிரேம் என்று எழுதிவிடுவார்கள். 'பொருளாதார ஃபிரேம் இத்தனை, சுற்றுச்சூழல் ஃபிரேம் இத்தனை' என்று அட்டவணையும் வந்துவிடும். அது வெறும் தலைப்புக் கணக்கு. தகவல் தொடர்பு ஆய்வாளர் ராபர்ட் என்ட்மன் 1993-ல் எழுதிய கட்டுரைப்படி, ஃபிரேம் என்பது சிலவற்றைப் பொறுக்கியெடுத்துத் தூக்கிக் காட்டுவது. அதன் வழியாக பிரச்சினை என்ன, காரணம் யார், இது சரியா தப்பா, என்ன செய்யலாம் என்று சொல்லிவிடுவது.

ஒரு கடற்கரையில் புதிய விடுதிகள் வரப்போகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளிதழ் 'விடுதி அனுமதி: ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி மோதல்' என்கிறது. இன்னொன்று 'இனி வலை உலர்த்த எங்கே போவது? மீனவர்கள் கேள்வி' என்கிறது. சுற்றுலா போஸ்டரில் இருப்பது 'காலடி படாத மணல்'. மூன்றும் ஒரே கடற்கரைதான், ஆனால் மூன்றாவதில் அங்கே தினமும் வலை உலர்த்துகிற ஆட்களே காணாமல் போய்விட்டார்கள். அந்தப் போஸ்டரின் ஃபிரேமே அதுதான். கோடிங் தாளில் (எது இருக்கிறது, எது இல்லை என்று குறிக்கும் படிவத்தில்) இருப்பதை மட்டும் டிக் அடித்துக்கொண்டு போனால் இது கண்ணிலேயே படாது. அதனால் அந்த இடத்தைப் பற்றிய செய்திகளை முதலில் படித்து, யாரெல்லாம் அங்கே இருக்க வேண்டும் என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, பிறகு போஸ்டரைப் பாருங்கள்.

அடுத்தது, செய்திக்குத் தைத்த சட்டையை விளம்பரத்துக்கு மாட்டுவது. செமெட்கோ, வால்கன்பர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2000-ல் பயன்படுத்திய ஐந்து ஃபிரேம்கள் (மோதல், மனித ஆர்வம், பொறுப்பு, ஒழுக்கம், பொருளாதார விளைவு) நெதர்லாந்தின் பத்திரிகை, தொலைக்காட்சிச் செய்திகளை அளக்க வைத்தவை. அதைப் போஸ்டர்களில் போட்டால் மோதல் பூஜ்யம் என்று வரும். வராமல் என்ன செய்யும்? காசு கொடுத்து அடித்த போஸ்டரில் யாராவது சண்டையைப் போடுவார்களா! இதைக் கண்டுபிடிப்பு என்று எழுதாதீர்கள். இரண்டையும் இணைக்க வேண்டுமானால் சுற்றுலா ஆய்வாளர் கிளேர் கன் 1972-ல் பிரித்துக் காட்டிய வழி உதவும்: செய்தி, கதை, பேச்சு வழியாகத் தானாக உருவாகும் பிம்பம் ஒன்று, விளம்பரம் திட்டமிட்டு உருவாக்கும் பிம்பம் இன்னொன்று. இவை எங்கே உரசுகின்றன என்பது நல்ல கேள்வி.

எனக்கு எரிச்சல் வருவது 'மக்கள் மனதில் ஆழமாகப் பதியவைத்தது' என்ற வரியைப் பார்க்கும்போதுதான். படித்தது 200 செய்திகள், ஒரு வாசகரிடமும் கேட்கவில்லை, அப்புறம் மனசு எப்படித் தெரிந்தது? உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1981-ல் மனிதர்களையே கேட்டார்கள். 600 பேரைக் கொல்லவிருக்கும் ஒரு நோய், அதற்கு இரண்டு வழிகள்: ஒன்றில் விளைவு உறுதி, இன்னொன்று எல்லாரும் பிழைக்கலாம் அல்லது எல்லாரும் சாகலாம் என்ற சூதாட்டம். '200 பேர் பிழைப்பார்கள்' என்று சொன்னபோது 72 சதவீதம் பேர் அந்த உறுதியான வழியை எடுத்தார்கள், அதையே '400 பேர் சாவார்கள்' என்று சொன்னபோது 22 சதவீதம் பேர்தான் எடுத்தார்கள். விளைவைப் பற்றிப் பேச இப்படி ஒரு சோதனை வேண்டும். பிரசாரம் முடிந்து பயணிகள் கூடினார்கள் என்பதும் போதாது, விசா விதி, விமானக் கட்டணம், நாணய மதிப்பு எல்லாம் நடுவில் நிற்கின்றன.

கோடர்கள் (கோடிங் தாளை நிரப்புபவர்கள்) ஒத்துப்போகிறார்களா என்பதற்கு வெறும் சதவீதத்தைக் கொடுப்பதையும் விட்டுவிடுங்கள். 100 போஸ்டரில் 95-ல் ஒரு ஃபிரேம் இல்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் 'இல்லை' போடுபவரும் சரியாகப் பார்த்தவரோடு 95 சதவீதம் ஒத்துப்போவார். தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு அளக்கும் கிரிப்பெண்டார்ஃப் ஆல்ஃபா போட்டுப் பார்த்தால் பூஜ்யத்தை ஒட்டி நிற்கும்.

ஆல்ஃபா குறைந்தால் பயந்து, சண்டை வந்த வரிசைகளைத் தூக்கிவிடாதீர்கள். ஒருமுறை நானும் நண்பரும் ஒரு போஸ்டரில் சிரித்துக்கொண்டிருந்த மீனவரைப் பற்றி அரை நாள் வாதாடினோம். 'உள்ளூர் மக்கள் இருக்கிறார்கள்' என்றார் அவர். படகு, தென்னை மாதிரி இவரும் காட்சிப்பொருள் என்றேன் நான். கடைசியில் ஒரு விதி எழுதினோம்: அவருக்குப் பெயர் இருக்கிறதா, அவர் ஏதாவது பேசுகிறாரா? இரண்டுக்கும் இல்லை என்றால் அவரைக் காட்சியில்தான் சேர்க்க வேண்டும்.