பேஸ் கிட்டாரில் பிக்கப் மாற்றப் போகிறீர்களா? உளியைக் கீழே வையுங்கள்

பிக்கப் என்பது கம்பியின் அதிர்வைக் காந்தத்தால் பிடித்து மின் சமிக்ஞையாக்கும் பாகம். அதை மாற்றும்போது சால்டரிங் ஒட்டாதது, எர்த் வயரை மறந்தது எல்லாம் ஒரு மாலையில் சரியாகிவிடும். அவற்றை விடுகிறேன். எங்கள் செட்டில் எல்லோரும் ஒரு காலத்தில் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய கம்பியோடு தீர்ப்புச் சொல்வது

ஒலி மந்தமா? முதலில் கம்பியை மாற்றுங்கள். மோட்டவுன் என்ற அமெரிக்க இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன், ஃபெண்டரின் 1962 பிரிசிஷன் பேஸில் தடித்த பிளாட்வவுண்ட் கம்பி (தட்டை நாடா சுற்றிய வழவழப்பான கம்பி) போட்டு, அறுந்தால் ஒழிய மாற்றாமல் வாசித்தவர். அந்த மழுங்கல் அவர் கேட்டு வாங்கியது. உங்களுக்கு அது வேண்டாமென்றால் புது ரவுண்ட்வவுண்ட் (உருண்டை இழை சுற்றிய, பளிச்சென்று ஒலிக்கும் கம்பி) போட்டு வாசித்துவிட்டு, பிறகு பிக்கப்பைக் குறை சொல்லலாம்.

அளவெடுக்காமல் வாங்குவது

இதற்குத்தான் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் இரண்டு பிக்கப் உள்ள மாடல். வழக்கமான ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் ஒரே நீளம் இல்லை. பிரிட்ஜ் (உடலில் கம்பிகள் முடியும் இடம்) பக்கம் போகப் போகக் கம்பிகள் விரிவதால், அங்கே இருப்பது கழுத்துப் பக்கமுள்ள நெக் பிக்கப்பைவிடச் சுமார் 3 மில்லிமீட்டர் நீளம். ஆனால் விலை குறைந்த பேஸ்கள் பலவற்றில் பிக்கப் உட்காரும் இரண்டு குழியும் ஒரே அளவு.

தெரிந்த தம்பி ஒருவன் நல்ல விலை கொடுத்து ஜாஸ் பிக்கப் ஜோடி வாங்கினான். நெக் பிக்கப் அழகாக உட்கார்ந்தது, பிரிட்ஜ் பிக்கப் இறங்கவில்லை. அந்த 3 மில்லிமீட்டருக்காக வீட்டிலிருந்த உளியை எடுத்துவிட்டான். தடிமனான பாலியெஸ்டர் பூச்சு முட்டை ஓடு மாதிரி பெயர்ந்து வந்தது. நெக் பக்கமாவது பிக்கார்ட் (உடல் மேல் இருக்கும் பாதுகாப்புத் தகடு) கொஞ்சம் மறைக்கும், பிரிட்ஜ் பக்கம் திறந்த வெளி. கடைசியில் பழைய ஜாஸ் பேஸ்களில் இருக்கும் பெரிய குரோம் மூடியை வாங்கி மேலே போட்டான். இப்போது உள்ளங்கையை வைத்துக் கம்பியை அடக்க இடமில்லை. அவன் வாசிப்பதோ முக்கால்வாசி அப்படித்தான். விற்கலாமென்றால் குழியைப் பார்த்ததும் விலை பாதிக்கு இறங்குகிறது.

“அப்படியென்றால் இரண்டு நெக் பிக்கப் வாங்கிவிடலாமே” என்பார்கள். குழியில் உட்காரும், ஆனால் ஹம் (மின் இரைச்சல்) அடிக்கும். ஜாஸ் ஜோடியில் ஒன்றின் கம்பிச் சுருள் மற்றதற்கு எதிர்த்திசையில் சுற்றியிருக்கும், காந்தமும் தலைகீழாக இருக்கும். இரண்டின் வால்யூமையும் ஒரே அளவு திறக்கும்போது ஹம் அடங்குவது அதனால்தான். ஒரே மாடல் நெக் பிக்கப் இரண்டு போட்டால் அது நடக்காது. குட்டை அளவில் பொருந்திய ஜோடியாகவே கேட்டு வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்றுவதானால், திசைகாட்டியை இரண்டின் காந்தத்தருகிலும் காட்டிப் பாருங்கள். முள்ளின் ஒரே முனை இரண்டு இடத்திலும் இழுபட்டால் அந்த ஜோடி ஒத்துவராது.

பெட்டி வடிவ பிக்கப்புகளும் இப்படித்தான். ஈஎம்ஜி கம்பெனியின் 35, 40, 45 மாடல்கள் படத்தில் ஒன்றுபோல இருக்கும், நீளம் வேறு. வெர்னியர் அளவுகோலால் அளந்த பிறகு பணம் கட்டுங்கள்.

ஆக்டிவ் பிக்கப்புக்குப் பழைய பாட்

பேட்டரியில் இயங்கும் ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் பாட் (வால்யூம், டோன் திருகின் உள்ளே இருக்கும் மாறு மின்தடை) வேண்டும். பழைய பிக்கப்பின் 250 கிலோ ஓமையே விட்டால், வால்யூமைத் திருப்பத் திருப்ப ஒன்றும் குறையாது, கடைசியில் சட்டென்று அணையும்.

உயரம்

பிக்கப்பைக் கம்பியை ஒட்டி ஏற்றாதீர்கள். தடித்த ஈ கம்பியைக் காந்தம் இழுத்து, உடலை ஒட்டிய மேல் ஃப்ரெட்டுகளில் (கழுத்தின் உலோகக் கோடுகள்) சுருதி தள்ளாடும்.

கழற்றிய பிக்கப்பை விற்பது

வேண்டாம்.