வேலை போகும் முன் எந்தக் கடனை முதலில் அடைப்பது?

கம்பெனியில் ஆள்குறைப்புப் பேச்சு அடிபட்டதும், கையில் இருப்பதையெல்லாம் திரட்டி வீட்டுக்கடனில் கட்டிவிடுகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். கூடுதலாகக் கட்டும் பணத்தை வங்கிகள் பொதுவாகக் கடன்காலத்தில்தான் கழிக்கும். அடுத்த மாதமும் அதே இ.எம்.ஐ. வந்து நிற்கும். சம்பளம் நின்றபின் கட்டிய காசைத் திரும்பக் கேட்கவும் முடியாது. இப்போது குறைய வேண்டியது மாதாமாதம் கட்டியே ஆகவேண்டிய தொகை.

முதலில் ஒரு தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். நகைக்கடன், கைமாற்று, மகளிர் குழுக் கடன், எடுத்துவிட்ட சீட்டின் மீதித் தவணை எதையும் விடாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் பாக்கி, மாதத் தவணை, தேதி, வட்டி வேண்டும். 'ரெண்டு வட்டி' என்றால் நூற்றுக்கு மாதம் 2 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வங்கி சொல்வது ஆண்டு வட்டி. இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட முடியும்.

கிரெடிட் கார்டு பாக்கி இருந்தால் அதுதான் முதல் எதிரி. 60,000 ரூபாய் பாக்கி, மாத வட்டி 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 2,100, அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. 378. 'மினிமம் டியூ' (கட்டியே ஆகவேண்டிய குறைந்தபட்சத் தொகை) என்று 3,000 கட்டினால் அசலில் கழிவது 522 ரூபாய்தான். பாக்கி நிற்கும்வரை புதிதாக வாங்கும் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். வீட்டில் நகை இருந்தால் வங்கியில் வைத்து இதை அடைப்பது நல்லது. 10 சதவீத நகைக்கடன் என்றால் அதே 60,000-க்கு மாதம் 500 ரூபாய் வட்டி. ஆனால் கெடு தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். தவறினால் ஏல நோட்டீஸ் வரும். அடைத்த கார்டை மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் நகையும் போய்க் கடனும் நிற்கும்.

மற்ற கடன்களுக்கு ஒரு வகுத்தல் போதும்: பாக்கியை மாதத் தவணையால் வகுங்கள். பைக் கடன் பாக்கி 18,000, தவணை 3,000 என்றால் விடை 6. பர்சனல் லோன் பாக்கி 2,40,000, தவணை 8,000 என்றால் 30. சிறிய எண்ணை முதலில் முடியுங்கள். குறைந்த பணத்தில் ஒரு தவணை முழுதாக ஒழியும். முடித்ததும் கடன் பாக்கி இல்லை என்ற சான்றை (என்.ஓ.சி.) வாங்கி, ஆர்.சி. புத்தகத்தில் இருக்கும் கடன் குறிப்பையும் நீக்கிவிடுங்கள். வேலை இந்த மாதமே போவது உறுதி என்றால் இதையும் செய்ய வேண்டாம், பணம் கையிலேயே இருக்கட்டும்.

கையிருப்பு எவ்வளவு? ஆறு மாதச் செலவு, அதோடு ஆறு மாதத் தவணை. முடியாவிட்டால் மூன்று மாதமாவது. கணக்குப் போடும்போது பலர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரும் கரண்ட் பில்லையும், பள்ளிக் கட்டணத்தையும், இன்சூரன்ஸ் பிரீமியத்தையும் மறந்துவிடுகிறார்கள். ஆண்டுக்கு ஆகும் தொகையை 12-ஆல் வகுத்து மாதச் செலவோடு சேருங்கள். இந்தப் பணத்தைக் கடன் வாங்கிய வங்கியிலேயே போடாதீர்கள். தவணை தவறினால் அங்கே இருக்கும் இருப்பைக் கடனில் வரவு வைத்துக்கொள்ள வங்கிக்கு வழி இருக்கிறது. ஒரு லட்சத்தை ஒரே டெபாசிட்டாகப் போடாமல் 20,000 வீதம் ஐந்தாகப் போடுங்கள். அவசரத்துக்கு ஒன்றை உடைத்தாலும் மற்ற நான்கின் வட்டி கெடாது.

வேலையில் இருக்கும்போதே முடிக்க வேண்டிய மூன்று காரியங்கள் உண்டு. பி.எஃப். கணக்கில் பெயர், பிறந்த தேதி, ஆதார், வங்கி எண் எல்லாம் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஓர் எழுத்து மாறினாலும் கிளைம் திரும்பிவிடும். வெளியே வந்தபின் ஹெச்.ஆரைப் பிடிப்பது பெரும்பாடு. அடுத்தது மருத்துவக் காப்பீடு. கம்பெனி பாலிசி பெரும்பாலும் வேலையோடு முடிந்துவிடும். புதிய பாலிசியில் விபத்தைத் தவிர மற்றதற்கு முதல் 30 நாள் பணம் கிடைக்காது, ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு மூன்று ஆண்டுவரைகூடக் காத்திருக்க நேரலாம். ஆகவே இப்போதே எடுங்கள். மூன்றாவது கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை. நிரந்தரப் பணியில் ஐந்து ஆண்டு முடித்தவர்கள், கடைசியாக வாங்கிய மாத அடிப்படைச் சம்பளத்தையும் (பேசிக்) அகவிலைப்படியையும் (டி.ஏ.) கூட்டி, 26-ஆல் வகுத்து, 15-ஆலும் பணியாண்டாலும் பெருக்குங்கள். 26,000 ரூபாய், ஆறு ஆண்டு என்றால் 90,000. நான்கே முக்கால் ஆண்டு ஆனவர்கள் அவசரப்பட்டு ராஜினாமா கடிதம் கொடுத்துவிடக் கூடாது.

வேலை போய்விட்டால், முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போங்கள். கணக்கில் பணம் இல்லாமல் ஆட்டோ டெபிட் திரும்பினால் கணக்குள்ள வங்கியும் கடன் கொடுத்தவரும் தனித்தனியாக அபராதம் போடுவார்கள். 90 நாள் தாண்டினால் வாராக்கடன் என்று வகைப்படுத்திவிடுவார்கள். அதன்பின் பேசுவது கடினம். தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். வேலை நீக்கக் கடிதத்தின் நகலை இணைத்து, உங்கள் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மீறினால் தேதி, நேரத்தோடு குறித்துவைத்து வங்கியிடமே புகார் கொடுங்கள். எவ்வளவு நெருக்கினாலும் தவணை கட்ட மீட்டர் வட்டிக்காரரிடமோ உடனடிக் கடன் ஆப்பிலோ மட்டும் வாங்காதீர்கள்.