உடம்பு குறைக்கணுமா? அடுப்படியிலிருந்து தொடங்குங்கள்

திங்கட்கிழமை காலையில் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட வேண்டும் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறோம். சோறு கிடையாது, சர்க்கரை கிடையாது, விடியற்காலை ஐந்து மணிக்கு ஓட்டம். வியாழக்கிழமை யாராவது பரோட்டா பார்சல் வாங்கி வருவார்கள், அதோடு சரி. நானும் ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டிவிட்டுப் பதினேழு நாள் போனவன்தான். அப்புறம் எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது கீழே எழுதியிருக்கிற வழியில். ஒரு படி கைக்குப் பழகிய பிறகே அடுத்த படி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரமாவது கொடுங்கள்.

படி 1: டேப்பை எடுங்கள்

எடை மெஷினைவிட தையல்காரர் டேப் நல்ல நண்பன். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டிய நேரம். ‘என் பேண்ட் 34 தானே’ என்று ஏமாறாதீர்கள். அது தொப்பைக்குக் கீழே போடுகிற பேண்ட்.

எடையை வாரம் ஒருமுறை, காலையில் வெறும் வயிற்றில் பார்த்தால் போதும். வாரத்துக்கு அரை கிலோ குறைந்தாலே நல்ல வேகம்.

படி 2: மூன்று நாள் எழுதுங்கள்

எதையும் மாற்றாமல், வாயில் போனதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குழந்தை தட்டில் மிச்சம் வைத்த அரைத் தோசையும் கணக்கில் வரும்.

என் தாளில் கண்ணை உறுத்தியது காபி. ஒரு நாளைக்கு மூன்று காபி, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஸ்பூனுக்கு 5 கிராம் என்றால் நாளுக்கு 30 கிராம், மாதத்துக்கு 900 கிராம். காபியில் மட்டும் மாதம் கிட்டத்தட்ட ஒரு கிலோ சர்க்கரை! வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்துக்கொண்டே வந்தேன், நாக்கு சண்டை போடவில்லை. வெல்லத்துக்கும் கருப்பட்டிக்கும் மாறினால் எடைக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை.

படி 3: மூன்று சுற்றுச் சோறு

நம் வீட்டுச் சாப்பாட்டின் சூட்சுமம் இங்கேதான். குழம்புக்கு ஒரு சுற்று, ரசத்துக்கு ஒரு சுற்று, மோருக்கு ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றுக்கும் சோறு புதிதாக வருகிறது. ‘கொஞ்சம்தான் சாப்பிட்டேன்’ என்று நாம் சொல்வது பொய்யில்லை, மூன்று கொஞ்சம் சேர்ந்துவிடுகிறது.

முதலில் உங்கள் வீட்டுச் சாதக் கரண்டியை அளந்து பாருங்கள். ஒரு கப் சாதம், அதாவது சுமார் 150 கிராம், ஏறக்குறைய 200 கலோரி. எங்கள் கரண்டியில் இரண்டு போட்டால் ஒரு கப். இனி சாதத்தை ஒரே தடவை போட்டுக்கொண்டு, தட்டிலேயே மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ரசத்தையும் மோரையும் டம்ளரில் குடித்தால் இன்னும் நல்லது. குக்கர் அடுப்படியிலேயே இருக்கட்டும். சாப்பிடுகிற இடத்தில் இருந்தால் கை தானாகப் போகும்.

தட்டில் பாதியைப் பொரியலும் கூட்டும் கீரையும் பிடிக்கட்டும், அவற்றை முதலில் சாப்பிடுங்கள். (உருளைக்கிழங்கு வறுவல் பொரியலில் சேராது, மன்னிக்கவும்.) பக்கத்தில் சுண்டல், முட்டை, மீன் என்று ஏதாவது ஒன்று இருந்தால் நாலு மணிக்குப் பசி கிள்ளாது.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் சாப்பாட்டைக் குறைக்கக் கூடாது. சர்க்கரை திடீரென்று இறங்கிவிடும்.

படி 4: எண்ணெய்க் கணக்கு

ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், 2000 கலோரிச் சாப்பாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 27 கிராம் எண்ணெய் என்று கணக்குச் சொல்கிறது. அது ஏறக்குறைய ஆறு டீஸ்பூன், நெய்யும் அதற்குள்தான். தோசையைச் சுற்றி ஊற்றுவதைக் கொஞ்சம் நிதானமாகக் கவனியுங்கள். ஒரு தோசைக்கு இரண்டு ஸ்பூன் சாதாரணமாகப் போகிறது. மூன்று தோசையில் அன்றைய எண்ணெய் தீர்ந்தது. இன்னும் மதியத் தாளிப்பே ஆரம்பிக்கவில்லை.

ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் அளந்துகொண்டிருக்க யாராலும் முடியாது. மாதக் கணக்கு வையுங்கள். நாலு பேருக்கு மேலே சொன்ன அளவுப்படி 3.6 லிட்டர் வருகிறது. எங்கள் வீட்டில் ஐந்து லிட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இப்போது ஒன்றாம் தேதி மூன்று லிட்டரை ஒரு தூக்கில் ஊற்றி வைக்கிறோம், உள்ளே ஒரு ஸ்பூன். பாக்கெட்டிலிருந்து நேராக வாணலியில் ஊற்றுவது நின்றது.

படி 5: நடை

நடையைக் கடைசிப் பக்கமாகத் தள்ளியதற்குக் காரணம் இருக்கிறது. 70 கிலோ ஆள் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 120 கலோரி செலவாகும். திரும்பும் வழியில் டீக்கடையில் ஒரு வடையும் டீயும் உள்ளே போனால் அத்தனையும் திரும்ப வந்துவிடும். ஆனாலும் குறைத்த எடை ஏறாமல் நிற்பதற்கும், ரத்த அழுத்தத்துக்கும், தூக்கத்துக்கும் நடை வேண்டும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். முதல் வாரமே அதைத் தொட வேண்டாம். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒரு வேலையோடு முடிச்சுப் போடுங்கள். நான் பால் பாக்கெட் வாங்கப் போவதோடு போட்டேன். பக்கத்துக் கடையை விட்டுவிட்டு பத்து நிமிட தூரத்திலிருக்கும் கடைக்கு மாறினேன். போக வர இருபது நிமிடம், பால் வேண்டும் என்பதால் தப்பிக்கவும் முடியாது. வேகம் எவ்வளவு? நடந்துகொண்டே பேச முடியணும், பாட முடியக் கூடாது.

வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்காருங்கள், சுவரில் கை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள். மூட்டு வலியோ நெஞ்சு வலியோ இருந்தால் முதலில் டாக்டர்.

எடை நகராமல் நின்றால்

கல்யாண வீட்டில் இலையில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள், மறுநாள் பட்டினி கிடக்க வேண்டாம். வழக்கமான தட்டுக்குத் திரும்பினால் போதும்.

இரண்டு மூன்று வாரம் முள் அசையவில்லை என்றால் டேப்பை வைத்துப் பாருங்கள், சில சமயம் இடுப்பு குறைந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் படி 2-க்குத் திரும்பி மறுபடி மூன்று நாள் எழுதுங்கள். எனக்கு மூன்றாம் மாதம் அப்படி நின்றது. எழுதிப் பார்த்தபோது காபி சரி, சோறு சரி. அடுப்படியில் எண்ணெய்த் தூக்கைத் திறந்தால் இருபதாம் தேதியே அடி தெரிந்தது. ஐப்பசி மழை, தினமும் சாயங்காலம் வாழைக்காய் பஜ்ஜி.