இனிஷியலில் மாறியிருந்த ஓர் எழுத்து

குன்னூரில் மழை விடாத ஒரு மே மாத மாலை. பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன், மகளின் பத்தாம் வகுப்புச் சான்றிதழையும் பிளஸ் டூ தற்காலிக மதிப்பெண் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். பிறந்த தேதி சரி. இனிஷியல் மட்டும் பத்தாம் வகுப்பில் ‘கே’, பிளஸ் டூவில் ‘ஆர்’. நெஞ்சு திக்கென்றது. அவளோ கட்-ஆஃப் கணக்கிலேயே இருந்தாள்: கணிதம் 100-க்கு, இயற்பியலும் வேதியியலும் தலா 50-க்கு, மொத்தம் 200-க்கு. மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கிறோம், பெயரைத்தான் பார்ப்பதில்லை.

மறுநாள் முதல் பஸ்ஸில் பள்ளிக்குப் போய், தலைமையாசிரியரிடம் திருத்தக் கடிதமும் பத்தாம் வகுப்பு, பிறப்புச் சான்றிதழ் நகல்களும் கொடுத்தேன். அசல் அச்சாகும் முன்பே சொன்னதால் அலைச்சல் இல்லை. அப்புறம் அசல் கைக்கு வந்ததும் பள்ளி வாசலிலேயே நின்று பார்த்தேன். ‘கே’ இருந்தது.