தீயில வீடு போனவங்களுக்கு உதவப் போறீங்களா? நான் பண்ணின தப்ப நீங்க பண்ணாதீங்க

2025 ஜனவரி 7 சாயந்திரம் லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்துல ஈட்டன் கேன்யன்ல தீ பிடிச்சுது, விடிஞ்சு பாத்தா பக்கத்துல இருக்கிற அல்டடீனாங்கிற ஊர்ல தெருத்தெருவா வீட்டக் காணோம். மத்தியானத்துக்குள்ள எங்க சாக்ரமென்டோ தமிழ் வாட்ஸ்அப் குரூப்ல ஒரு தம்பி நிதி திரட்டுற லிங்க் போட்டுட்டான். கூட வேலை பாக்குறவரோட வீடு போயிடுச்சாம். தங்கமான பையன், தூங்காம உக்காந்து எழுதியிருக்கான். தொறந்து படிச்சா முதல் வரி அப்படியே 2018ல நான் எழுதின வரி. தலையில அடிச்சுக்கிட்டேன்.

2018ன்னு நான் சொல்றது வடக்கு கலிஃபோர்னியால வந்த கேம்ப் ஃபயர்ங்கிற காட்டுத்தீ. நவம்பர் 8 காலைல ஒரு பழைய ஹை டென்ஷன் லைன்ல, கிட்டத்தட்ட நூறு வருஷமா தேஞ்சுகிட்டே இருந்த ஒரு கொக்கி அறுந்து, அதுல வந்த தீ சில மணி நேரத்துல பாரடைஸ்ங்கிற மலை ஊர முழுங்கிருச்சு. 85 பேர் செத்துப்போனாங்க, 18,800க்கு மேல கட்டடம் போச்சு. நாங்க இருக்கிற எடத்துலருந்து பாரடைஸ்க்குப் பக்கத்து ஊர் சிக்கோ ஒன்றரை மணி நேர டிரைவ், அதனால வார வாரம் போயிட்டு வந்தேன். கத்துக்கிட்டதுல பாதி தப்பு பண்ணித்தான் கத்துக்கிட்டேன்.

பழைய துணி

அனுப்பாதீங்க. சுனாமி சமயத்துல நாகப்பட்டினத்துல ரோட்டோரம் குவிஞ்சு கெடந்துச்சே, அதே கதைதான் எல்லா ஊர்லயும்.

நிதி கேக்குற பக்கத்துல என்ன எழுதுறீங்க

இதப் பத்தி மட்டும் நான் கொஞ்சம் நீளமா பொலம்புவேன், பொறுத்துக்குங்க.

கூட வேலை பாத்த ஒரு அம்மணியோட அம்மா பாரடைஸ்ல மொபைல் ஹோம்ல இருந்தாங்க, எழுபது தாண்டினவங்க, வீட்டுக்கு இன்சூரன்ஸ் கிடையாது. கார எடுத்துக்கிட்டு ஸ்கைவே ரோட்டுல அஞ்சு மணி நேரம் ஊர்ந்து உசுரோட வந்து சேந்தாங்க. நான்தான் பெரிய மனுஷன் மாதிரி "நான் பாத்துக்கறேன்"னு கோஃபண்ட்மிங்கிற நிதி திரட்டுற சைட்ல ஒரு பேஜ் ஆரம்பிச்சேன். மனசு உருகணும்னு உக்காந்து எழுதினேன்: "இவங்களுக்கு ஒரு வருஷ வாடகையும், திரும்ப ஒரு வீடு வாங்கப் பணமும் சேத்துக் குடுப்போம்." ஆபீஸ்ல எல்லாரும் பாராட்டினாங்க. மூணு வாரத்துல 20 ஆயிரம் டாலர கிட்டத் தொட்டுருச்சு. பெருமையா இருந்துச்சு, பொய் சொல்லல.

அந்தம்மா ஃபீமாவுக்கு, அதாவது பேரிடர் உதவி குடுக்கிற அமெரிக்க அரசாங்க அமைப்புக்கு, அப்ளை பண்ணியிருந்தாங்க. அப்ப ஒரு குடும்பத்துக்கு வீட்டு வகைல அதிகபட்சம் 34,900 டாலர் வரைக்கும் கெடைக்கும். ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒரே தேவைக்கு ரெண்டு எடத்துல பணம் வாங்கக் கூடாது. இன்சூரன்ஸ் வாடகைக்குக் குடுத்தா அரசாங்கம் வாடகைக்குக் குடுக்காது, அது எல்லாருக்கும் தெரியும். எனக்குத் தெரியாம போனது, ஊர் ஜனம் சேத்துக் குடுத்த பணமும் அந்தக் கணக்குல வரும்ங்கிறது. பேஜ்ல இன்ன செலவுக்குன்னு பேர் சொல்லிட்டா அந்த செலவுக்கு உதவி ஏற்கனவே கெடைச்சாச்சுன்னு அர்த்தம். பொதுவா "கஷ்டத்துல இருக்காங்க, கை குடுங்க"ன்னு இருந்தா பிரச்சன இல்ல. என்னோட உருக்கமான ஒரே ஒரு வரி, அதுல வாடகைன்னும் இருக்கு வீடுன்னும் இருக்கு.

ஃபீமாகிட்டருந்து கடுதாசி வந்துச்சு. அந்தம்மா அத மடிச்சு பர்ஸ்ல வெச்சிருந்தாங்க, பொண்ணு வீட்டு சமையலறை மேசைல விரிச்சு எங்கிட்ட காட்டினாங்க, "இதுல என்னப்பா போட்டிருக்கு"ங்கிற மாதிரி ஒரு பார்வை. வாடகை உதவி இல்ல, மத்ததுக்கு அந்தப் பணத்த எப்படி செலவழிச்சீங்கன்னு ரசீது குடுங்க. அந்த பேஜ ஆரம்பிச்ச நான் அதே மேசைல உக்காந்திருக்கேன். அப்பீல் பண்ண 60 நாள் உண்டு, பண்ணினோம், பல்லு செட்டு, கண்ணாடி, மருந்து, கார் டயர்னு ஒவ்வொரு ரசீதா தேடி ஒட்டினோம், கொஞ்சம் கெடைச்சுது. முழுசா கெடைக்கல, அதுக்கும் வசந்தகாலம் ஆயிருச்சு. யார் மேலயும் தப்பு சொல்ல முடியாது, விதி விதிதான், எழுதினவன் நான்தான். அதனாலதான் இன்னும் எரிச்சலா வருது.

அதனால பேஜ் ஆரம்பிக்கிற புண்ணியவான்களே, "வாடகைக்கு", "வீடு கட்ட", "கார் வாங்க"ன்னு எதையும் எழுதாதீங்க. பணம் உங்க அக்கவுன்ட்டுக்கு வராம நேரா அவங்க அக்கவுன்ட்டுக்குப் போற மாதிரி அவங்க பேர பெனிபிஷியரியா போட்டுருங்க. முக்கியமா, பப்ளிஷ் பண்றதுக்கு முன்னாடி அவங்ககிட்ட ஒரு தடவ படிச்சுக் காட்டுங்க. நான் காட்டல, சர்ப்ரைஸா இருக்கட்டும்னு நெனச்சேன், வெவரம் கெட்டவன்.

"தண்ணிய கொதிக்க வெச்சு குடிங்க"

நம்ம ஊர் பழக்கம், வாயில தானா வரும். பாரடைஸ்ல தீயோட சூட்டுல பிளாஸ்டிக் பைப்பெல்லாம் வெந்து குடிதண்ணியில பென்சீன்ங்கிற விஷ ரசாயனம் கலந்துருச்சு. அது கிருமி இல்ல, கொதிக்க வெச்சா சாகாது, ஆவியாகி சமையலறைல நிக்கும், அதத்தான் மூச்சுல இழுக்கணும். அல்டடீனாலயும் குடிக்காதீங்கன்னு அறிவிப்பு வந்தப்போ நம்ம குரூப்ல ரெண்டு பெரியவங்க "கொதிக்க வெச்சா போதும்"னு பார்வர்ட் பண்ணிட்டிருந்தாங்க. குடிக்காதேன்னா குடிக்காதே, கேன் தண்ணி வாங்கிக் குடுங்க.

சாம்பல்ல கை வைக்கிறது

வீடு இருந்த எடத்துல தேடிப் பாக்கணும்னு அவங்களுக்கு ஆசையா இருக்கும், கூடப் போங்க, ஆனா ஷார்ட்ஸும் துணி மாஸ்க்கும் போட்டுக்கிட்டுப் போகாதீங்க. பழைய வீடுன்னா ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், பெயின்ட்ல ஈயம் இருக்கும், எரிஞ்ச பேட்டரி இருக்கும். முழு உடம்பு கவர் சூட், கையுறை, N95க்கு மேல நல்ல மாஸ்க், மரச்சட்டம் போட்ட ஒரு சல்லடை. அந்தம்மாவோட நான் போனப்ப மொதல்ல கண்ணுல பட்டது பக்கத்து வீட்டு கார்தான். அலுமினிய வீல் உருகி ஓடை மாதிரி சரிவுல ஓடி அப்படியே உறைஞ்சு நின்னுச்சு, மழ பெஞ்சு அலம்பி வெள்ளி மாதிரி மின்னுச்சு. ரெண்டு மணி நேரம் சலிச்சு கெடைச்சது ஒரு பீங்கான் கப், கைப்பிடி கூட உடையல.

ஆர்வக்கோளாறுல மண்வெட்டி எடுத்து இடிபாட்ட ஒரு பக்கமா குவிச்சு "க்ளீன் பண்ணி" விடாதீங்க. அரசாங்க ஆளுங்க வந்து விஷப் பொருள எடுக்கிறது தனி, இடிபாட்ட அள்ளுறது தனி, அதுக்கு வீட்டுக்காரங்க கையெழுத்துப் போட்டு அனுமதி குடுக்கணும். நீங்க கெளறி வெச்சா அவங்களுக்குத்தான் தலைவலி.

எரிஞ்ச வீட்டு முன்னாடி செல்ஃபி

சொல்லணுமா?

வாடகை

நம்ம குரூப்லயே ஒருத்தர் தனக்கு அல்டடீனாவ ஒட்டின பசடீனா பக்கம் ஒரு வீடு இருக்கு, இப்ப டிமாண்ட் இருக்கே ஏத்தலாமான்னு கேட்டாரு. அவசர நிலை அறிவிச்சப்புறம் 10 சதவீதத்துக்கு மேல ஏத்துறது கலிஃபோர்னியால குற்றம். அவருக்கு நான் இத சொன்ன விதம் இங்க எழுத முடியாது.

"எதுனா வேணும்னா சொல்லுங்க"

சொல்ல மாட்டாங்க. வீடே போனவங்களுக்கு என்ன வேணும்னு யோசிக்கவே தெம்பு இருக்காது. நீங்களே ஒரு வேலைய எடுத்துக்குங்க. நான் பாத்ததுல ரொம்ப உதவினது இன்சூரன்ஸ் லிஸ்ட் எழுதித் தர்றது. வீட்ல இருந்த சாமான் ஒவ்வொண்ணையும் எழுதச் சொல்வாங்க, எப்ப வாங்கினது, என்ன விலை, கரண்டி முதக்கொண்டு. "சமையலறை சாமான்"னு ஒரே வரில எழுதிக் குடுத்தா ஏமாந்தது நீங்க. சிக்கோல இன்னொரு குடும்பத்துக்கு இந்த வேலைய செஞ்சேன். சொந்தக்காரங்க போன்ல இருந்த பொறந்தநாள் போட்டோவெல்லாம் வாங்கி, மொகத்த விட்டுட்டு பின்னாடி இருக்கிற அலமாரிய பெருசு பண்ணிப் பாத்தோம். கேக் வெட்டுற பொண்ணு தலைக்கு மேல ஒரு தையல் மெஷின் தெரிஞ்சுது. "அய்யோ அத மறந்தே போயிட்டேன்"னு அந்தக்கா சிரிச்சாங்க, அப்புறம் எழுந்து வெளிய போயிட்டாங்க. அன்னிக்கு அதுக்கு மேல எழுதல.

ரெண்டு வாரத்துல கடைய மூடிடறது

பாரடைஸ்ல 2010ல 26,218 பேர் இருந்தாங்க, 2020 கணக்கெடுப்புல 4,764. தீக்கு அப்புறம் வந்த அந்த ரெண்டு வருஷமும் ஜனங்க டிரெய்லர்லயும் சொந்தக்காரங்க ஹால்லயும் கெடந்தாங்க, டிவிக்காரங்க டிசம்பர்லயே போயிட்டாங்க. நூறு டாலர் குடுக்கிறதா இருந்தா இப்ப ஐம்பது, ஆறு மாசம் கழிச்சு ஐம்பதுன்னு குடுங்க.

அந்தத் தம்பிக்கு அன்னிக்கே போன் போட்டேன். மொதல்ல கோவிச்சுக்கிட்டான், "அண்ணா, இப்படி எழுதினாத்தான் பணம் வருது"ன்னான். அது உண்மைதான், வாடகைன்னு எழுதினா வேகமா வரும். வீடு போனவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருன்னேன். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் பண்ணினான், வரிய மாத்திட்டேன், அவருக்கு அப்படி ஒரு பேஜ் இருக்கிறதே இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாம்னு.