ரத்த-மூளைத் தடுப்பும் பார்க்கின்சன் நோயும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உட்புறச் செல்கள் இடைவெளியின்றி நெருங்கிப் பிணைந்திருக்கின்றன. இந்த ரத்த-மூளைத் தடுப்பைக் கோட்டைச் சுவர் என்று நம்பிவிடுவதுதான் முதல் தவறு. எதை உள்ளே விடுவது என்று தேர்ந்தெடுக்கும் வாயில் அது, ஏமாறவும் செய்யும்.

1982-ல் கலிபோர்னியாவில் இளைஞர்கள் சிலர் திடீரென, பார்க்கின்சன் நோயாளிகளைப் போலவே உடல் விறைத்து, அசைவின்றிப் போனார்கள். அவர்கள் ஊசியில் ஏற்றிக்கொண்ட கள்ளப் போதைப்பொருளில் எம்பிடிபி என்ற வேதிப்பொருள் கலந்திருந்ததை நரம்பியல் மருத்துவர் வில்லியம் லாங்ஸ்டன் குழுவினர் கண்டறிந்தனர். கொழுப்பில் கரையும் எம்பிடிபி, தடுப்பை எளிதில் கடந்துவிடுகிறது. உள்ளே மூளையின் நொதி ஒன்றே அதைக் கொடிய நஞ்சாக மாற்ற, உடலசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அந்த நஞ்சை உறிஞ்சி மடிகின்றன. அதே நஞ்சு ரத்தத்தில் உருவாகியிருந்தால் தடுப்பைக் கடக்கத் திணறியிருக்கும்!

இதைப் படித்துவிட்டு, ‘ஏதோ ஒரு நஞ்சுதான் பார்க்கின்சனுக்குக் காரணம்’ என்று முடிவுகட்டுவதும் தவறு. பாராகுவாட், ரோட்டினோன் போன்ற பூச்சி, களைக்கொல்லிகளுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. ஆனாலும் பெரும்பாலான நோயாளிகளிடம் ஒற்றைக் காரணத்தைச் சுட்ட முடிவதில்லை. முதுமை, மரபணு, சுற்றுச்சூழல் மூன்றும் பின்னிக்கிடக்கின்றன. இந்நோயோடு தொடர்புடைய எல்ஆர்ஆர்கே2 என்ற மரபணுவில் மாற்றம் உள்ளவர்களிலும் பலருக்கு நோய் வருவதேயில்லை. ஆகவே, பெற்றோருக்கு இருப்பதால் தனக்கும் வந்தே தீரும் என்று கலங்க வேண்டாம்.

நோயாளிகளின் மூளையில் தடுப்பு கசிவதற்கான தடயங்கள் கிடைத்துள்ளன. அந்தக் கசிவு நோயைத் தொடங்கிவைத்ததா, நோயின் விளைவா என்பது இன்னும் தீரவில்லை. கசிவை அடைப்பதாகச் சொல்லி விற்கும் மாத்திரைகளை நம்பிப் பணத்தை இழக்காதீர்கள்.

பார்க்கின்சனில் டோபமைன் குறைகிறதென்றால் டோபமைனையே விழுங்கலாமே என்பார்கள். அது தடுப்பைக் கடக்காது. கடப்பது, மூளைக்குள் டோபமைனாக மாறும் லெவோடோபா என்ற மருந்து; அமினோ அமிலங்களுக்கான வாயில் வழியே அது நுழைகிறது. புரதம் மிகுந்த உணவோடு சேர்த்து உண்டால், புரதத்திலிருந்து வரும் அமினோ அமிலங்களுடனான போட்டியில் பின்தங்கிவிடும். அதற்காகப் புரதத்தையே ஒதுக்குவது உடலை நலிவிக்கும். மருந்தையும் புரத உணவையும் உண்ணும் நேரத்தை மாற்றினாலே பலருக்குப் போதும்.

நான் மிகவும் அஞ்சுவது இன்னொரு தவறை. வாந்தியை நிறுத்தத் தரும் மெட்டோகுளோப்ரமைடு தடுப்பைக் கடந்து, பார்க்கின்சனைப் போன்ற அறிகுறிகளை உண்டாக்கக்கூடும். ஏற்கெனவே நோய் இருந்தால் அதை மோசமாக்கும். மனநோய்க்கான சில மருந்துகளும் அப்படியே. நடுக்கமோ விறைப்போ புதிதாகத் தோன்றினால், உட்கொள்ளும் மாத்திரைகள் அத்தனையையும் மருத்துவரிடம் காட்டுங்கள். எதையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.