கரண்ட் போன ராத்திரிக்கு ஒரு விளையாட்டு: இரண்டு உண்மை, ஒரு பொய்

ரங்கூனில் கரண்ட் போனால் முதல் அரை மணி நேரம் எல்லாரும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்புறம் சார்ஜ் இறங்கும். அதற்கும் பிறகுதான் எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகம் நினைவுக்கு வரும். எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு அப்படித்தான் ஆரம்பித்தது. நான்காம் மாடி, பால்கனி, ஒரு சார்ஜ் விளக்கு, நடுவில் லப்பெட் (ஊறவைத்த தேயிலை) தட்டு.

விதி ஒரே வரிதான். ஒருவர் தன்னைப் பற்றி மூன்று ஆச்சரியமான செய்திகள் சொல்ல வேண்டும். இரண்டு நடந்தது, ஒன்று கட்டிவிட்டது. கட்டிவிட்டது எது என்று மற்றவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். கேட்கும்போது குழந்தை விளையாட்டு மாதிரி இருக்கும். நம் முறை வரும்போதுதான் சொல்வதற்கு ஒன்றும் இல்லாமல் விழிப்போம். அதனால் முதல் தடவை விளையாடுகிறவர்களுக்காக, நாங்கள் விழுந்து எழுந்து கற்றதை எழுதிவைக்கிறேன்.

ஐந்திலிருந்து எட்டுப் பேர் வரை சரியாக இருக்கும். எட்டுக்கு மேல் போனால் உங்கள் முறை வருவதற்குள் லப்பெட் தீர்ந்துவிடும். ஆளுக்கு ஒரு துண்டுக் காகிதமும், எல்லாருக்குமாக ஒரு பேனாவும் வேண்டும்.

படி 1: முதலில் உண்மையைத் தேடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் நேராகப் பொய்யில் இறங்குவார்கள். என்ன பொய் சொல்லலாம் என்று கூரையைப் பார்த்து யோசிப்பார்கள். பொய்யை ஒரு நிமிடத்தில் கட்டிவிடலாம். நம்ப முடியாத உண்மை கிடைப்பதுதான் கஷ்டம். உங்கள் நேரத்தில் முக்கால்வாசியை அதற்குக் கொடுங்கள்.

இதில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. பர்மாத் தமிழ்க் குடும்பம் எதை எடுத்தாலும், பொய் மாதிரியே ஒலிக்கும் உண்மை டிரங்குப் பெட்டி நிறையக் கிடக்கும். எனக்கு அது நிஜமாகவே தாத்தாவின் டிரங்குப் பெட்டிதான். அதில் 75 கியாட் நோட்டுக் கட்டு இருந்தது. 1987 செப்டம்பரில் 25, 35, 75 கியாட் நோட்டுகள் திடீரென்று செல்லாது என்று அறிவித்தார்கள். பதிலுக்கு 45 கியாட், 90 கியாட் என்று புது நோட்டுகள் வந்தன. இரண்டும் ஒன்பதால் வகுபடும். ஆட்சியில் இருந்த நே வின்னுக்கு ஒன்பது ராசி எண். தாத்தாவின் கட்டு காகிதமாகிப் போனது. மழைக்காலத்தில் அதில் கப்பல் செய்து தெருவில் ஓடுகிற தண்ணீரில் விட்டவன் நான்.

இதை எப்படிச் சொல்வது? 'சின்ன வயதில் 75 கியாட் நோட்டில் கப்பல் செய்து மழைத்தண்ணீரில் விட்டிருக்கிறேன்.' அவ்வளவு போதும். வருடம் சொல்லாதீர்கள், ஒன்பது கணக்கு சொல்லாதீர்கள். இளசுகள் '75 கியாட்டுக்கு யாராவது நோட்டு அடிப்பார்களா?' என்று சிரித்துக்கொண்டே வந்து விழுவார்கள்.

ஆனால் எதிரில் இருப்பவர் யார் என்று பார்த்துத்தான் உண்மையை எடுக்க வேண்டும். போன வருடம் சென்னையிலிருந்து அத்தை மகன் வந்திருந்தான். சாலையில் வண்டிகள் வலப்பக்கம் ஓடுகின்றன, ஆனால் பாதி வண்டியில் ஸ்டியரிங்கும் வலப்பக்கம் இருக்கிறது என்று சொன்னபோது, கண்ணால் பார்க்கும் வரை அவன் நம்பவில்லை. புதன்கிழமையை இரண்டாகப் பிரித்து வாரத்துக்கு எட்டு கிழமை என்று இங்கே ஜாதகம் பார்ப்பதையும் நம்பவில்லை. அவனிடம் 'நான் எட்டாவது கிழமையில் பிறந்தவன்' என்பது தங்கம். ரங்கூன்காரனிடம் அதே வரி செல்லாத நோட்டு. புதன் மத்தியானம் பிறந்திருக்கிறான், அதற்கென்ன என்று போய்விடுவான்.

இன்னொன்று, கூட்டத்தில் ஒருவருக்காவது ஏற்கெனவே தெரிந்த கதை வேண்டாம். மனைவியும் கணவனும் சேர்ந்து விளையாடினால் இது பெரிய தலைவலி. ஒருவர் முறையில் மற்றவர் ஓட்டுப் போடக் கூடாது என்று நாங்கள் விதியே வைத்துவிட்டோம்.

படி 2: பொய்யைக் கடன் வாங்குங்கள்

பொய்யை வெறும் காற்றில் கட்டாதீர்கள். தம்பிக்கோ தோழிக்கோ நிஜமாக நடந்ததை எடுத்து உங்கள் தலையில் வைத்துக்கொள்ளுங்கள். யார் எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும்.

நான் எடுத்தது என் தம்பியின் கதை. ரங்கூன் சுற்று ரயில் சுமார் 46 கிலோமீட்டர், ஒரு சுற்றுக்கு மூன்று மணி நேரம் போல ஆகும். அவன் அதில் தூங்கிப்போய், ஏறின ஸ்டேஷனிலேயே கண் விழித்தவன். 'நான் சுற்று ரயிலில் தூங்கி, ஏறின இடத்திலேயே இறங்கினேன்' என்று சொன்னேன். எந்த ஸ்டேஷன், எந்தப் பக்க ஜன்னல், காடை முட்டை விற்கிற அம்மா எழுப்பினாரா, எல்லாம் அவன் நூறு தடவை சொல்லிக் கேட்டது. தம்பி அன்றைக்கு ஊரில் இல்லை. அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்!

மூன்றில் பொய்தான் மிகப் பெரியதாக இருக்கக் கூடாது. மூன்றும் ஒரே அளவு. சிறு பிள்ளையில் ஏழு நாள் மொட்டையடித்து புத்த மடத்தில் இருந்தேன் என்பது என் மூன்றாவது. அது உண்மை. கப்பல், ரயில், மடம் என்று மூன்றும் ஒரே எடையில் நின்றன.

ஊர் நடப்புக்கு முரணான பொய் உடனே மாட்டும். பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள், 'சைத்தியோ புத்தக் கோயிலுக்குப் போனபோது தங்கப் பாறையில் என் கையாலேயே தங்க இதழ் ஒட்டினேன்' என்றார். அழகான பொய், கண்ணில் தண்ணீர் வேறு. ஆனால் அந்தப் பாறையைப் பெண்கள் தொட விடமாட்டார்கள். தங்க இதழை ஆண்களிடம் கொடுத்துத்தான் ஒட்டச் சொல்ல வேண்டும். பத்து வயசுப் பையன் பிடித்துவிட்டான்.

படி 3: எழுதி மடித்து வையுங்கள்

எந்த எண் பொய் என்று காகிதத்தில் எழுதி, மடித்து, தட்டுக்கு அடியில் வையுங்கள். பாதியில் மாற்றிக்கொள்கிற ஆள் எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் உண்டு. மூன்றையும் ஒரே நீளத்தில் சொல்லுங்கள். பொய்க்கு மட்டும் நான்கு வாக்கியம் வந்தால் முடிந்தது கதை.

படி 4: கேள்வி கேளுங்கள், முகத்தை விடுங்கள்

இதுதான் விளையாட்டின் ருசி. ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம், யார் வேண்டுமானாலும் எதையும் கேட்கலாம்.

பொய் சொல்கிறவன் கண்ணைப் பார்க்க மாட்டான் என்று உலகம் முழுக்க ஒரு நம்பிக்கை. 75 நாடுகளில் கேட்டுப் பார்த்து 2006-இல் வெளியான ஆய்வில் பெரும்பாலான நாடுகளில் முதலில் வந்த பதில் இதுதான். ஆனால் கண் விலகுவதை வைத்துப் பொய்யைப் பிடிக்க முடியாது என்பதுதான் ஆய்வுகள் காட்டுவது. அதே 2006-இல் சார்லஸ் பாண்ட், பெல்லா டிபாலோ என்ற உளவியலாளர்கள் இருபத்துநான்காயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் தீர்ப்புகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உண்மையா பொய்யா என்று சொல்வதில் சராசரியாக நூற்றுக்கு 54 தான் சரி. காசு சுண்டினாலே 50 வரும். அதுவும் சார்ஜ் விளக்கு வெளிச்சத்தில் யார் கண் எங்கே போகிறது என்று என்ன தெரியும்?

அதனால் கதைக்குள் போங்கள். அவர் எதிர்பார்க்காத கேள்வியாகக் கேளுங்கள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்பதற்கு எல்லாரிடமும் பதில் இருக்கும். 'அந்த அறைக்கு எத்தனை கதவு? நீங்கள் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தீர்கள்?' என்றால் கொஞ்சம் தடுமாறுவார்கள். பொய் விசாரணை பற்றி நிறைய எழுதிய ஆல்டெர்ட் வ்ரை என்ற உளவியலாளர் குழு சோதித்த இன்னொரு வழி, நடந்ததைக் கடைசியிலிருந்து முதலுக்குச் சொல்லச் சொல்வது. கட்டிய கதையைத் தலைகீழாகச் சொல்வது மூளைக்கு அதிக வேலை. எங்கள் வீட்டில் இது பாதி நேரம் வேலை செய்கிறது, மீதி நேரம் எல்லாரும் சிரித்துவிடுகிறோம்.

கேட்கிறவரும் வழுக்கி விழலாம். சித்தப்பா ஒருமுறை, 'மோட்டார் சைக்கிளை விற்று, மேலே கடனும் வாங்கி, ஒரு சிம் கார்டு வாங்கினேன்' என்றார்.

"மாட்டிக்கிட்டீங்க சித்தப்பா! ரங்கூனுக்குள்ளதான் மோட்டார் சைக்கிளே கூடாதே?"

"நான் அப்போ மோல்மேன்ல இருந்தேன்டா."

"சரி, சிம் கார்டுக்கு யாராவது வண்டியை விற்பாங்களா?"

"நீ 2014-க்கு அப்புறம் போன் பார்த்தவன். உனக்கு என்ன தெரியும்?"

உண்மைதான். 2014-இல் வெளிநாட்டுக் கம்பெனிகள் வந்து 1500 கியாட்டுக்கு சிம் கொடுப்பதற்கு முன், ஒரு சிம்மின் விலை லட்சக்கணக்கில் இருந்தது. மோட்டார் சைக்கிள் கேள்வியைச் சித்தப்பா எதிர்பார்த்தே அந்த வரியில் வைத்திருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது. உண்மைக்குள் ஒரு ஓட்டை தெரிகிற மாதிரி சொல்வது அவர் வித்தை. நான் பார்த்ததிலேயே நல்ல ஆட்டக்காரர் அவர்தான், இத்தனைக்கும் அவர் சொன்ன பொய் ஒன்றுகூட எனக்கு ஞாபகமில்லை.

படி 5: ஒரே நேரத்தில் விரலைக் காட்டுங்கள்

வாயால் ஓட்டுக் கேட்காதீர்கள். பெரியப்பா 'இரண்டாவதுதான்' என்று சொல்லிவிட்டால், அதற்குப் பிறகு மூன்று என்று சொல்ல நம் வீட்டில் யாருக்குத் தைரியம் வரும்? ஒன்று, இரண்டு, மூன்று எண்ணி, எல்லாரும் ஒரே நேரத்தில் விரலை நீட்ட வேண்டும்.

சரியாகச் சொன்னவருக்கு ஒரு புள்ளி. கதை சொன்னவருக்கு, எத்தனை பேர் ஏமாந்தார்களோ அத்தனை புள்ளி. இங்கே சின்னக் கணக்கு. ஏழு பேர் இருந்தால் ஊகிப்பவர்கள் ஆறு பேர். கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினாலே சராசரியாக இரண்டு பேர் சரியாகச் சொல்வார்கள், நான்கு பேர் ஏமாறுவார்கள். ஆகவே நான்கு பேர் ஏமாந்தால் காலரைத் தூக்கிவிட ஒன்றுமில்லை. ஐந்து வந்தால் நீங்கள் கெட்டிக்காரர். என் கப்பல், ரயில், மடத்துக்கு ஐந்து வந்தது. மூன்று பேர் கப்பலைப் பொய் என்றார்கள், இரண்டு பேர் மடத்தை. ரயிலைச் சொன்னது என் மாமியார் மட்டும். காரணம் கேட்டால் 'சும்மா' என்றார்.

படி 6: எதைத் தொடக் கூடாது

சம்பளம், கடன், நோய், கல்யாணம் ஆகாத பெண்ணின் கல்யாணம், குடியுரிமை அட்டை. இந்த ஐந்தும் எங்கள் வீட்டில் தடை. அட்டைக் கதைகள் பொய் மாதிரி ஒலிக்கிற உண்மைகளிலேயே முதல் தரம்தான், ஆனால் சொல்லி முடித்ததும் யாரும் சிரிக்க மாட்டார்கள். 1942-இல் போருக்குப் பயந்து இந்தியாவுக்கு நடந்தே போனவர்கள், 1964-இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டதும் இந்தியாவுக்குக் கப்பலேறினவர்கள் கதையும் அப்படித்தான். அவற்றைத் தனியாக உட்கார்ந்து கேட்க வேண்டும், புள்ளி போட்டு அல்ல.

படி 7: பதிலை உடனே சொல்லுங்கள்

விரல் காட்டி முடித்ததும் காகிதத்தைப் பிரியுங்கள். சஸ்பென்ஸ் வைக்காதீர்கள். இதை ஏன் தனிப் படியாக எழுதுகிறேன் என்றால், ஒருநாள் பெரியப்பா மூன்று சொன்னார். ஒன்று, 1970 டிசம்பரில் நாடே சாலையில் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறிய அன்று காலையில் பஸ் ஓட்டினேன். இரண்டு, 1975 பூகம்பத்தின்போது பகானில் ஒரு கோயில் மாடத்தில் நின்றுகொண்டிருந்தேன். மூன்று, பெண் பார்க்கத் தவறான வீட்டுக்குப் போய், பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

பெரியம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஓட்டு விதியால் விரல் நீட்ட முடியவில்லை, பார்வை மட்டும் பெரியப்பா மேல்.

எல்லாரும் விரலைக் காட்டினோம். பெரியப்பா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "சரி, அதில் பொய் எதுவென்றால்" என்று ஆரம்பித்தார். தெரு முழுக்க ஒரே சத்தம்: "மீ லா பியி!" கரண்ட் வந்துவிட்டது. ஒருவர் தண்ணீர் மோட்டார் போட, ஒருவர் குக்கர் போட, மீதிப் பேர் சார்ஜரைத் தேட ஓடினோம். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். காகிதத்தில் லப்பெட் எண்ணெய் ஊறி எண் அழிந்திருந்தது.

மறுநாள் கேட்டதற்கு, "பொய்யா? நான் எப்போது பொய் சொன்னேன்?" என்றார். பெரியம்மா இன்னும் அந்தப் பஜ்ஜி வீட்டைப் பற்றி விசாரித்துக்கொண்டிருக்கிறார்.